உன்னை ரசிகை என்று எழுதியிருக்கிறார்கள்

புது ஃப்ளெக்ஸ் எப்படி நாறும் என்று உனக்குத் தெரியும். மழைக்கோட்டையும் மண்ணெண்ணெயையும் சேர்த்து வெயிலில் போட்டது மாதிரி ஒரு நெடி. அது இப்போது எங்கள் வீட்டு மிளகாய் அறை முழுக்க நிற்கிறது. காரணம் நீதான். பத்தடி நீளத்துக்கு உன்னை அச்சடித்து, சுருட்டி, இரண்டு இடத்தில் சணல் கட்டி, குண்டு மிளகாய் மூட்டைகளின் மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அய்யாதான் இன்று மதியம் ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் குறுக்காகக் கட்டிக் கொண்டுவந்தார்.

அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்கள். வெளிச்சத்துக்கு அம்மாவின் போன். இரண்டு நெடியும் சேர்ந்து மூக்கைக் குடைகிறது. தும்மல் வந்தால் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொள்கிறேன். வாசலில் கட்டிலில் அய்யா படுத்திருக்கிறார். எழுந்து வந்து கேட்டால், நாளைக்குப் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை.

நாளையோடு நீ போய் ஒரு வருஷம். உன் பெயரில் நம் கரையில் கால்பந்துப் போட்டி வைக்கிறார்கள். உன் பெயரில் கோப்பை. தேவிபட்டினம், காரங்காடு, கீழக்கரை என்று எல்லா இடத்திலிருந்தும் அணிகள் வருகின்றன. காலை ஒன்பது மணிக்கு விளக்கேற்றியதும் உன்னைப் பற்றி மைக்கில் பேச வேண்டியது நான். உன்கூடப் படித்தவள், தமிழ் தெளிவாக வாசிப்பவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஃப்ளெக்ஸை வாசலில் விரித்தார்கள். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் இருந்த உன் முகம்தான். அதைக் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே நீ இல்லை. யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை, யாரோ ஒருத்தியின் ஆரம், கூப்பிய கைகளும் யாருடையவோ. வெயிலில் கறுத்து, உப்பு பூத்து, பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறவளை நான் அந்தச் சேலைக்குள் எவ்வளவு நேரம் தேடினேன் தெரியுமா? உன் முகத்தைவிடப் பெரிதாக இரண்டு பக்கமும் போட்டிக் கமிட்டிக்காரர்களின் முகங்கள். அடியில் கொட்டை எழுத்தில் உன் பெயர். பெயருக்குக் கீழே ‘கால்பந்து ரசிகை’.

ரசிகை.

நான் வாசிக்க வேண்டிய தாளில் அது இன்னும் விரிவாக இருக்கிறது. ‘அண்ணன்மார் ஆடும்போதெல்லாம் கரையோரம் நின்று கைதட்டி ரசித்து, தாகத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த தங்கை’ என்று. பச்சை மையில், சாய்வான எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுதியவர் யார் என்று கேட்டால் சிரிப்பாய். கமிட்டிச் செயலாளர். நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த ஐஸ்கம்பெனிக்காரர்.

நீ யாருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாய்? உன் பாட்டிலில் இருந்த கடைசி மடக்கை எனக்குக்கூடக் கொடுத்ததில்லையே நீ.

கோபப்பட்டு எழுதினால் எழுத்துப் பிழை வரும் என்று தமிழம்மா சொல்வார்கள். வரட்டும். இதைத் திருத்த யாரும் வரப்போவதில்லை.

நடந்ததை நடந்தபடி ஒருதரமாவது எழுதி வைக்கிறேன். விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளில் கரையில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். வலையும் ஐஸும் ஏற்றி அனுப்பிவிட்டால் அந்தச் சாயங்காலம் முழுக்கக் கரை வெறும் கரைதான்; நாயும் காக்காயும் மட்டும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாம் ஏழு பேர் அங்கே போவோம். வீட்டில் நான் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்வேன். எங்கள் ஊர் கரையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே, மிளகாய்க் காட்டுக்கு நடுவில் இருப்பதால் யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். கரைப் பக்கம் போனால் மீன் வாடை ஒட்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் அது. அதே ஊர்க்காரர்கள்தான் இப்போது கமிட்டியில் பாதிப் பேர்.

நம்மிடம் இருந்தது பையன்கள் தூக்கி எறிந்த பந்து. எவ்வளவு காற்று அடித்தாலும் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஓங்கி உதைத்தால் தொப்பென்று விழும். ஏழு பேர் என்பதால் ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் மூன்று. மூன்று பேர் இருக்கிற பக்கம் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஆடலாம் என்று நீ சட்டம் போட்டாய். கடல் ஒரு பக்கக் கோடு, படகுகள் ஒரு பக்கக் கோடு. தண்ணீருக்குள் போனாலும் முழங்கால் ஆழம்வரை ஆட்டம் உண்டு. நம் கரை சாய்வு. எங்கே நிறுத்தினாலும் பந்து கடலைப் பார்த்து உருளும். நாங்கள் ஆறு பேரும் அதற்காக எரிச்சல்பட்டுக்கொண்டே இருந்தோம். நீ மட்டும் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பந்தை மேட்டில் வைத்து, அது எப்படி உருண்டு வருகிறது என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாய். மறுபடி வைத்தாய். மறுபடி பார்த்தாய். உனக்குப் பைத்தியம் என்று நான் சொன்னேன்.

அடுத்த ஆட்டத்தில் பந்தை என் பக்கம் தள்ளாமல், ஆளே இல்லாத மேட்டுக்கு, படகுப் பக்கமாக உதைத்தாய். நான் அதன் பின்னால் ஓடப் போனேன்.

“விடுடி, போயிட்டு அதுவே வரும்” என்றாய்.

வந்தது. ஈரச் சரிவில் வளைந்து, உன்னைத் தடுக்க நின்றவளின் முதுகுக்குப் பின்னால் இறங்கி, நீ ஓடிப்போய் நின்ற இடத்தில் உன் காலுக்கே வந்தது. காற்று நிறைந்த பந்து அப்படி வராது. துள்ளிக்கொண்டு நேரே கடலுக்குப் போய்விடும். பாதிக் காற்றுப் பந்துதான் மணலைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வரும். நீ அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ‘அனுப்பிட்டுக் கூப்புடுறது’ என்று சொல்வாய், அவ்வளவுதான். ஒரு மாதத்தில் நாம் ஏழு பேரும் அப்படித்தான் ஆடினோம். ஆளைப் பார்த்து உதைக்கிற வழக்கமே நமக்கு விட்டுப்போனது. மேட்டைப் பார்ப்போம், காற்றைப் பார்ப்போம், பிறகு உதைப்போம்.

ஒருநாள் உன் அண்ணன் கையில் வெட்டு விழுந்து கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு வலையை வைத்துவிட்டு எழுந்து வந்து, ஏய், அதை இன்னொருக்கா செய் என்று உன்னிடம் கேட்டார். நீ நாலு தரம் செய்து காட்டினாய். எந்த இடத்தில் பெருவிரலை வைக்க வேண்டும் என்று குனிந்து அவர் காலைப் பிடித்துத் திருப்பி வைத்தாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதனால்தான் சொல்கிறேன், யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். கீழக்கரை அணி பூட்ஸும் காலுறையுமாக வந்து இறங்கியது. உன் அண்ணன் மூன்று தரம் மேட்டுக்கு அனுப்பினார். அவர்கள் கோல்கீப்பர் பந்து படகுக்குப் போகிறது என்று நினைத்து முகத்து வேர்வையைத் துடைக்கத் திரும்பினார். பந்து அவரைக் கேட்காமலே உள்ளே போனது. யாரோ போனில் எடுத்தார்கள். துபாயில் ரூமுக்குள் உட்கார்ந்து அதைப் பார்த்த கீழக்கரைக்காரர்கள் பாலைவன மணலில் அதே மாதிரி ஆடி வீடியோ அனுப்பினார்கள். ‘மேட்டுப் பந்து’ என்று பெயர் வந்தது. இப்போது இந்தக் கடற்கரை முழுக்க அதுதான் ஆட்டம். வெளியூரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு பார்க்க வருகிறார்கள். புதுப் பந்து வாங்கி, ஊசி போட்டுப் பாதிக் காற்றை இறக்கிவிட்டு ஆடுகிறார்கள் தெரியுமா? போட்டி நோட்டீஸில் முதல் விதியே அதுதான்: ‘பந்தில் பாதிக் காற்று மட்டுமே அனுமதிக்கப்படும்.’ நம்மிடம் நல்ல பந்து இல்லாமல் போனது இன்றைக்கு விதி.

அந்த வீடியோவை நான் உனக்கு முதன்முதலில் காட்டியபோது, நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். நீ போனைப் பிடுங்கி மூன்று தரம் பார்த்துவிட்டு, “நம்ம பந்து போன்ல வந்துருச்சு பாருடி” என்று சொல்லி மணலில் உட்கார்ந்து சிரித்தாய். நீ கோபப்படவே இல்லை. அதனால்தான் உன் பங்கையும் சேர்த்து நான் படவேண்டியிருக்கிறது.

ஆட்டம் பிரபலமானதும் நம் கரை போய்விட்டது. படகு போகிற நாள், போகாத நாள் என்ற வித்தியாசமே இல்லாமல் பையன்கள் பயிற்சி எடுத்தார்கள். பெரிய விளக்கு போட்டார்கள். நாம் போய் நின்றால், ஏத்தா, ஓரமா போங்க, பந்து மூஞ்சில பட்டுரும் என்றார்கள். நம் மூஞ்சியில். கடைசி மூன்று மாதம் நாம் எங்கே ஆடினோம்? உப்பளத்துக்குப் பின்னால், காலைக் கிழிக்கிற சிப்பித் தரையில். அங்கே சரிவே கிடையாது. அனுப்பினால் பந்து திரும்பி வராது. நீயே எழுந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தாய்.

நாளைக்குப் பெண்கள் ஆடலாமா என்று கேட்டேன். கமிட்டியில் அப்படி ஒரு பேச்சே எழவில்லையாம். பெண்கள் உட்காரத் தனியாகக் கயிறு கட்டியிருக்கிறார்களாம், பந்தலுக்குப் பின்னால். மோரும் உண்டாம்.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் அதை எழுதாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். நாம் ஆடிக்கொண்டிருந்தபோது ஐஸ்கம்பெனிக்காரர் படகு எப்போது திரும்பும் என்று விசாரிக்கக் கரைக்கு வந்தார். அவர் எங்கள் அய்யாவுக்குப் பழக்கம். எங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பவர். அவர் தலையைக் கண்டதும் நான் ஓடிப்போய்ப் படகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். நீ மட்டும் பந்தின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏத்தா, ஒன்னையப் படிக்க அனுப்புனாகளா, ஆட அனுப்புனாகளா? பெரிய ஆட்டக்காரியாக்கும்.”

ஆட்டக்காரன் என்று சொன்னால் நம் ஊரில் முதுகைத் தட்டிக் கொடுக்கிறார்கள். கடைசியில் இருக்கிற ‘ரன்’ போய் ‘ரி’ வந்துவிட்டால் கையை ஓங்குகிறார்கள். ஆட்டக்காரி என்றால் பந்து ஆடுகிறவள் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சந்தையில் சத்தம் போட்டுச் சிரிக்கிற பெண்ணை, புருஷனை எதிர்த்துப் பேசுகிறவளை, கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறவளை அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சண்டையில் அந்தச் சொல் விழுந்து, இரண்டு வீடு இன்னும் பேசிக்கொள்வதில்லை. படகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அதைக் கேட்டதும் காது அடைத்துப்போனது. நீ அழுதுவிடுவாய் என்று பயந்தேன்.

“ஆமாண்ணே, ஆட்டக்காரிதான். ஒரு ஆளு கொறையுது, வாரீகளா?”

நீ எவ்வளவு மரியாதையாகக் கேட்டாய்! அவர் காலம் கெட்டுக் கிடக்கு என்று கடலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். போனதும் நீ என்னைப் படகுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தாய். ஒளிந்ததற்காகத் திட்டவில்லை. அன்றிலிருந்து, வாங்கடி ஆட்டக்காரிகளா என்றுதான் எங்களைக் கூப்பிடுவாய். முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டோம். பத்தாம் நாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொண்டோம்.

அதே ஐஸ்கம்பெனிக்காரர்தான் உன்னை இப்போது ரசிகை என்று எழுதியிருக்கிறார்.

நான் கேட்காமல் இல்லை. முந்தாநாள் தாளைக் கொண்டுவந்து கொடுத்தபோது, மாமா, வீராங்கனை என்று போடலாமே என்றேன். அவர் சிரித்தார். அதற்கு சர்டிபிகேட் வேண்டுமாம். மாவட்ட அளவில்கூட ஆடாத பிள்ளையை வீராங்கனை என்று போட்டால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்களாம். உன்னை எங்கே மாவட்டத்துக்கு அனுப்பினார்கள், நீ ஆடாமல் போவதற்கு? அதுவுமில்லாமல் உனக்கே அந்தச் சொல் பிடிக்காது. செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அந்தப் பேருக்குக் குதிரை வேணும்டி, வாளு வேணும், நம்மகிட்ட காத்துப் போன பந்துதான இருக்கு என்று சொன்னவள் நீ.

பிறகு உன் அண்ணனைப் பிடித்தேன். பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். உன் பெயரில் போட்டி வைக்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கேட்டது அவர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அண்ணே, அவ சொல்லிக் குடுத்ததுதான இது, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தினார்.

“விடு தங்கச்சி. படமாவது போட்டாகள்ல” என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக உன்னைத் திட்டினேன். எதற்கு நாலு தரம் செய்து காட்டினாய் என்று.

அய்யாவிடமும் லேசாக ஆரம்பித்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பிடும்போது என்னை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அம்மாவிடம், எம்மக மைக்குல பேசப்போகுது என்று சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, அவ ஆடுவான்னு பள்ளிக்கூடத்துல பேசிக்குவாகய்யா என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். ஆடியிருந்தாலும் அதை ஊர் கேட்கச் சொல்லலாமா, செத்துப்போன பிள்ளைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்காதே என்றார். அவர் கெட்டவர் இல்லை. உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். கடைசியில் கை கழுவும்போது சொன்னார்:

“நல்லவேள, எம்பிள்ள அந்தப் பக்கமே போகல.”

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

என் பயம் இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நாளைக்கு மைக்கில், அவள் ரசிகை இல்லை, ஆட்டக்காரி என்று நான் சொன்னால், கூட்டம் முதலில் உன்னைப் பற்றி யோசிக்காது. இவளுக்கு எப்படித் தெரியும் என்றுதான் யோசிக்கும். அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. இரண்டு வருஷ ஸ்பெஷல் கிளாஸ் முழுவதும் ஒரே நிமிஷத்தில் வெளியே வந்துவிடும். பக்கத்து வீட்டு அக்காவை இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் பத்தாவதோடு நிறுத்தினார்கள். எனக்குப் பிளஸ் டூ முடிக்க இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அய்யா அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அடியைவிட அதுதான் எனக்குப் பயம்.

இன்னொரு பயமும் இருந்தது. உன் அம்மா. மகள் போன ஒரு வருஷத்தில், ஊர் கூடியிருக்கிற இடத்தில், அந்தச் சொல்லை அவர் காதில் போட எனக்கு என்ன உரிமை? அதனால் சாயங்காலம் நோட்டீஸ் கொடுக்கிற சாக்கில் உங்கள் வீட்டுக்குப் போனேன். பனி இறங்குவதற்குள், காயப்போட்ட நெத்திலியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து அள்ளினேன். ஃப்ளெக்ஸில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நல்லபடியாகப் போட்டிருக்கிறது என்று மட்டும்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே. நான் சொன்னேன்.

“ரசிகைன்னா என்னாத்தா?”

ஆடுறதப் பாத்து சந்தோசப்படுறவங்கம்மா என்றேன். ஒரு கூடை நிறைந்தது. அடுத்த கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“முழங்கால் தோலு உரிஞ்சு வந்து நிக்குமே. அது பாத்ததுல உரிஞ்சதா?”

எனக்கு அழுகை வந்தது. மீன் அள்ளிய கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன், எரிந்தது. பிறகு குனிந்துகொண்டே, நாளைக்கு நான் என்ன சொல்ல நினைத்திருக்கிறேன் என்பதைச் சொன்னேன். அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் இரண்டு தரம் தொடங்கி, மூன்றாம் தரம்தான் சொல்லி முடித்தேன். உன் அம்மா கோபிக்கவில்லை. அந்தப் பேரச் சொல்லி வெளக்கமாத்தால அடிச்சிருக்கேன் நான் என்றார்கள். சாப்புட வாடின்னு கூப்புட்டா வராது, அடியே ஆட்டக்காரின்னு ஏசுனாத்தான் திரும்பிப் பாக்கும் என்றார்கள். சொல்லும்போது அவர்கள் வாசல் பக்கமாகத் திரும்பியிருந்தார்கள்.

ஊர் சிரிக்குமேம்மா என்றேன். எனக்கு என்ன, என்னைச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாக, ஒன்னைய என்ன செய்வாக என்று கேட்டார்கள். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

“நான் கயித்துக்கு முன்னால வந்து உக்காருறேன். ஆரு எழுப்புறாகன்னு பாப்பம்.”

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கயிற்றுக்கு முன்னால், முதல் வரிசையில், கமிட்டிக்காரர்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு எதிரே தரையில் உன் அம்மா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, தாகத்துக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள் என்று எப்படி வாசிப்பேன்?

உன்னைக் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூட கேட்டில். கண்ணெல்லாம் சிவந்து, நெற்றியில் தைலம் பளபளக்க நின்றாய். தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரி கொதித்தது. ரெண்டு நாள்ல வாரேன், அதுக்குள்ள ஆரும் பந்துக்குக் காத்து அடிச்சிறாதீக என்றாய். எட்டு நாள் காய்ச்சலில் கிடந்து போய்விட்டாய். ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் என்னை ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. நான் அழுது அடம்பிடித்திருந்தால் விட்டிருப்பார்கள். நான் அடம்பிடிக்கவில்லை. அன்றைக்கும் ஒரு படகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன் என்று வைத்துக்கொள்.

நாளைக்கு உட்கார மாட்டேன். தாளில் எதையும் அடித்துத் திருத்தவில்லை. காலையில் அய்யா ஒருதரம் வாங்கிப் பார்ப்பார். பச்சை மையில் ரசிகை அப்படியே இருக்கட்டும். என் வாயில் மாறும். ‘மேட்டுப் பந்து என்று நீங்கள் சொல்கிற ஆட்டத்தை இந்தக் கரையில் முதலில் ஆடியவள் இவள். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அவள் ஆட்டக்காரி.’ மூன்றே வாக்கியம். அதற்குமேல் என்னால் முடியாது. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடையக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். இப்போது ஒருதரம் வாய்விட்டு, மெல்லச் சொல்லிப் பார்த்தேன். வெளியே கட்டில் முனகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இன்னொருதரம் சொன்னேன்.

அய்யா கேட்பார். கூட்டத்தில் கேட்க மாட்டார், வீட்டுக்கு வந்து, அவ ஆடுனது ஒனக்கு எப்பிடித் தெரியும் என்று ஒரே ஒரு தரம் கேட்பார். அப்போது நான் பேசப்போவதில்லை. என் வலது காலை அவருக்கு முன்னால் வைப்பேன். அந்தப் பெருவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருக்கிறது. உப்பளத்துச் சிப்பித் தரையில் ஒரே பந்துக்கு நாம் இரண்டு பேரும் பாய்ந்ததில், பந்துக்கு விழவேண்டிய உன் உதை என் விரலில் விழுந்தது. ஸ்கூல் பெஞ்ச் விழுந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அய்யா அன்று ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். வெட்ட வெட்ட அது அப்படியேதான் முளைக்கிறது, நடுவில் அந்தப் பிளவோடு. செருப்பு உரசினால் இன்னும் வலிக்கும்.

உன்னுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.